முதல் பானைத் தண்ணீர்

சோப்புக் கம்பெனிக்காரர் எப்படி முன்னுக்கு வந்தார் என்று போடியில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அண்டாவ மாத்தினாரு. அடுப்புச் செலவு பாதியாக் கொறஞ்சு போச்சு." சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் அந்தக் கம்பெனியில் சோப்புக் கட்டிக்கு அச்சுக் குத்தினவள். என் வீட்டுக்காரர் அங்கே பாய்லருக்குத் தீப் போட்டவர். அந்த மிச்சத்துக்காக எங்கள் வீட்டிலிருந்து என்ன போனது என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும். நானே சொல்கிறேன்.

கம்பெனி முந்தல் போகிற ரோட்டில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது. துணி சோப்பு மட்டும். நீளமாக வார்த்து, கம்பியால் அறுத்து, அச்சுக் குத்தி, பெட்டியில் அடுக்குவோம். பாதி போடிக் கடைகளுக்குப் போகும். மீதி ஜீப்பில் ஏறி மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போகும். மழையில் நனைந்து சேறு பூசிக்கொண்டு காய் எடுக்கிறவர்களுக்கு அந்தச் சோப்புதான். கம்பெனிக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு வரிசை வீடு. வேலைக்காரர்கள் அங்கேதான் குடியிருந்தோம்.

நான் சேர்ந்த எழுபதுகளில் சோப்பு காய்ச்சியது திறந்த கொப்பரையில். இரும்புக் கொப்பரை, அடியில் விறகு. எண்ணெயை ஊற்றி, கரைத்த காஸ்டிக் காரத்தை விட்டு, ஒரு ஆள் மேலே நின்று துடுப்பால் கிண்டுவார். பொங்கினால் ஓட வேண்டும். காலையில் மூட்டிய தீ சாயங்காலம்வரை எரியும். எரிந்த விறகில் கொப்பரைக்குப் போனது கொஞ்சம். எங்கள் முகத்துக்குப் போனது கொஞ்சம். மற்றதெல்லாம் ஆகாயத்துக்கு. மலைச்சரிவிலிருந்து பெண்கள் தலைச்சுமையாக விறகு கொண்டுவந்து போடுவார்கள். காட்டு இலாகாக்காரர்கள் கெடுபிடி செய்யத் தொடங்கியதும் அது நின்றது. பிறகு லாரி விறகுதான். லாரி வருகிற நாளில் முதலாளி முகத்தைப் பார்க்க முடியாது.

அந்தக் கொப்பரையால் எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. வேலை முடிந்து அடுப்பைக் கலைக்கும்போது, எரிந்தும் எரியாமலும் கிடக்கிற கொள்ளியையும் கரியையும் நாங்கள் அள்ளிக்கொள்வோம். யாரும் கொடுத்ததில்லை. யாரும் தடுத்ததும் இல்லை. சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் அதில்தான். சோப்பு வேலை செய்த உடம்புக்கு வெந்நீர் வேண்டும். பச்சைத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகாது. ஐப்பசி பிறந்துவிட்டால் மலையிலிருந்து இறங்குகிற காற்றுக்கு ஓடைத் தண்ணீரைத் தொடவும் முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் முதலாளி மதுரையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்தார். இரும்பு வேலைக்காரர், படித்தவர். அவர் பேச்சைக் கேட்டுத்தான் புது அண்டா வந்தது. மூடி போட்ட அண்டா. உள்ளே சுருள் சுருளாகக் குழாய். வெளியே ஒரு பாய்லர். பாய்லரிலிருந்து ஆவி அந்தக் குழாய்க்குள் சுற்றி வரும். குழாயைச் சுற்றி எண்ணெயும் காரமும் வேகும். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் தானாகவே ஒரு சூடு கிளம்பும். கொப்பரையில் அந்தச் சூடு காற்றோடு போனது. இங்கே மூடிக்குள் நின்றது. வெந்த சோப்பு வெளியே போகிற குழாயை, அடுத்து வேகப் போகிற எண்ணெய்த் தொட்டிக்குள் நுழைத்து விட்டிருந்தார்கள். போகிற சோப்பின் சூட்டை வருகிற எண்ணெய் வாங்கிக்கொள்ளும். விறகுக்குப் பதிலாகக் கடலைத்தோல், உமி, காப்பித்தோல். நல்ல ஏற்பாடுதான். அதை நான் குறை சொல்லவில்லை.

குழாயில் சுற்றின ஆவி குளிர்ந்து தண்ணீராகும். கொதிக்கிற தண்ணீர். அதை ஒரு பம்பு வைத்துத் திரும்ப பாய்லருக்கே அனுப்ப வேண்டும் என்று மதுரைக்காரர் சொன்னார். முதலாளி பம்பு வாங்கவில்லை. சுவரில் ஓட்டை போட்டு, குழாயைக் கொல்லைப்புறம் நீட்டிவிட்டார். முனையில் திறந்து மூட ஒரு திருகு.

முதல் தீ வைத்த அன்று சூடம் கொளுத்தி, பொங்கல் கொடுத்து, எங்கள் எல்லோரையும் கொல்லையில் நிற்கவைத்துச் சொன்னார்.

"இனிமே ஒங்களுக்கு வெந்நிக்கி வெறகு வேணாம். கம்பெனி குடுக்குது. சொட்டு வீணாக்காம எடுத்துக் குளிங்க, தொவைங்க."

அண்டாவில் காரம் ஊற்றுகிறவரின் பெண்சாதி என் பக்கத்து வீடு. மதினி என்பேன். அவள் வாய் சும்மா இருக்காது.

"சோறு காச்ச என்ன செய்ய மொதலாளி? உமியில கரி வராதே?"

"சுடுதண்ணிதான் குடுக்கிறோம்ல. இன்னும் என்ன, கொழம்பு வச்சு ஊத்தவா?"

எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தாள். கொள்ளி போச்சு, வெந்நீர் வந்தது. அது தானம் இல்லை. எங்களிடம் இருந்ததை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தார். இதை நான் சொல்லக் காரணம் இருக்கிறது. பிற்பாடு அதைத் தானம் என்றே பேசினார்.

தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. பாசி இல்லை, மண் இல்லை. பருப்பு சீக்கிரம் வேகும். கொல்லையில் நாலு கல்லைப் போட்டு, தகரத்தால் மறைவு கட்டிக்கொண்டோம். தோட்டத்துக்குப் போகிற பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்கும்போது எட்டிப் பார்த்து, "ஒங்களுக்கென்ன, ராசாத்திக" என்பார்கள்.

கொஞ்ச காலம் கழித்துத் தண்ணீர் வழுக்கத் தொடங்கியது.

எப்போதும் இல்லை. காலையில் பாய்லர் ஏறி, ஆவி திறந்ததும் முதலில் வருகிற தண்ணீர் மட்டும். கையில் ஊற்றினால் வழவழவென்று இருக்கும். அப்புறம் வருவது சாதாரணத் தண்ணீர். அந்த முதல் தண்ணீரில் துணியை நனைத்தால் சோப்புப் போடாமலே அழுக்குப் போனது. மதினி அதில் தலை முழுகிவிட்டு வந்து முடியை உதறினாள்.

"சீயக்காயே வேணாந்தா. எண்ணெ வச்ச தடமே இல்ல பாரு."

சோப்புக் கம்பெனியில் சோப்புக் குழாய் வழியாக வருகிற தண்ணீர். அதில் சோப்பு கரைந்து வருகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். வேறு எதை நினைப்போம்? நாள் முழுக்க சோப்பு அறுக்கிறோம், சோப்பை முகர்கிறோம். வழுக்கினால் எங்களுக்கு சோப்புதான். கை தோல் உரிந்தது. எங்கள் கை எப்போதுமே உரியும். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

முதல் தண்ணீருக்கு அடிதடி வந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், ஒருத்தி பானையை ஒருத்தி காலால் தள்ளுவதும். கடைசியில் முறை வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. முதல் பானை அந்த வீட்டுக்கு. தவறிப் போன முறையைத் திருப்பிக் கேட்டு நானும் சண்டை போட்டிருக்கிறேன். மதினி என்னை, "தண்ணிக்கு அலையறா பாரு, மீன் வயித்துல பொறந்தவ" என்றாள். நான் அவளைச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

என் வீட்டுக்காரர் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அவருக்கு மட்டும் ஏதோ சரியாகப் படவில்லை. ஒரு நாள் முதலாளி பாய்லர் பக்கம் வந்தபோது சொன்னார். நான் அச்சு மேசையில் இருந்தேன், காதில் விழுந்தது.

"மொதலாளி, காலைல வர்ற தண்ணி வழுக்குது."

முதலாளி நின்றார். அண்டாவை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"சோப்புக் கம்பெனித் தண்ணி வழுக்காம பின்ன புளிக்கவா செய்யும்? போப்பா, தீயப் பாரு."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முதலாளி நின்ற அந்த நிலையை மட்டும் நான் மறக்கவில்லை. தெரியாதவன் அப்படி நிற்கமாட்டான்.

தைப் பொங்கலுக்குக் கம்பெனி சில நாள் மூடிக் கிடந்தது. அண்டாவில் பாதி வெந்த சரக்கும் காரமும் அப்படியே கிடந்தன. திறந்த அன்றைக்கு முறை எங்கள் வீடு. காற்று கத்தி மாதிரி அடித்தது. என் வீட்டுக்காரர் விடியும் முன்னே போய், சாம்பலை வாரிக் கொட்டி, பாய்லரை ஏற்றியிருந்தார். நான் பானையைக் குழாயடியில் வைத்தேன். அவர் வந்தார். தலை, புருவம், மூக்கு எல்லாம் சாம்பல்.

"ஏய்யா, வெரசாக் கழுவிட்டு வாய்யா. கஞ்சி ஆறுது."

"ம்."

திருகைத் திறந்தார். ரெண்டு கையிலும் ஏந்தி முகத்தில் அடித்தார். சூடு பொறுக்கிற ஆள், பாய்லர்க்காரர். ஒரே ஒரு தரம் "ஆத்தா" என்றார். நான் சூடு சுட்டுவிட்டது என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி குழாயில் ஏந்தினார், கழுவ. நான் பானையிலிருந்து அள்ளி ஊற்றினேன், கழுவ. அதே தண்ணீர். கண்ணில் விழுந்ததை அதைக்கொண்டே கழுவினோம். வேறு தண்ணீர் கைக்கெட்ட இல்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். மதினிதான் பார்த்துவிட்டு, "கண்ணத் தொறக்கல பாரு, பச்சத் தண்ணி, பச்சத் தண்ணி" என்று கத்திக்கொண்டு வீட்டிலிருந்த ஓடைத் தண்ணீரைக் குடத்தோடு தூக்கிவந்து கொட்டினாள். ஒரு கண் மிஞ்சியதென்றால் அவளால்தான். அவளைப் பற்றிப் பின்னால் சொல்லப் போவதையும் இதோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாசலில் கம்பெனி ஜீப்பு நின்றது. சோப்புப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மொதலாளி, ஆசுபத்திரிக்கி ஜீப்பு வேணும்."

"லோடு ஏத்தியாச்சுத்தா. மேல தோட்டத்துல காத்துக் கெடக்காக. ரோட்டுக்குப் போனா பஸ்சு வந்துரும்."

பஸ்சுக்கு நின்றோம். அவர் ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு என் தோளைப் பிடித்து நின்றார். எங்களைத் தாண்டித்தான் அந்த ஜீப்பு போனது. காலியாக ஒரு இடம் இருந்தது. பார்த்தேன்.

போடியில் பார்த்துவிட்டு மதுரைக்குப் போகச் சொன்னார்கள். ரயிலில் போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"சுண்ணாம்பு விழுந்துச்சா?"

"இல்லீங்க. தண்ணி."

"என்ன தண்ணி?"

"வெந்நீங்க. கம்பெனிக் கொழாயில வர்ற வெந்நி."

"எந்தக் கம்பெனி?"

"சோப்புக் கம்பெனி."

டாக்டர் என்னையே பார்த்தார். "அது தண்ணி இல்லம்மா. காரம். இதுலயா குளிக்கிறீங்க?" என்றார். என்ன சொல்ல? இதற்கு முறை வைத்துச் சண்டை போட்டோம் என்றா?

இடது கண் வெள்ளை விழுந்துவிட்டது. வலது கண்ணில் கொஞ்சம் மங்கல், ஆனால் தெரியும். திரும்பி வந்த மறுநாள் முதலாளி முன்னால் போய் நின்றேன். வீட்டுக்காரர் வரவில்லை. வரமாட்டேன் என்றார்.

"மொதலாளி, தண்ணில காரம் வருது. டாக்டரு சொல்லிட்டாரு. அண்டாக்குள்ள கொழா ஓட்டையாப் போயிருக்கு."

"யாரு பாத்தா? நீ உள்ள போயிப் பாத்தியா?"

"தொறந்து பாருங்க."

"தொறந்தா எத்தன நாளு சோலி நிக்கும், தெரியுமா ஒனக்கு? காரம் பட்ட கையோட கண்ணக் கசக்கியிருப்பான்."

"அவரு பாய்லர் ஆளு. காரத்துப் பக்கம் அவருக்கென்ன வேல?"

"சரி, குளிக்கச் சொன்னது யாரு?"

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்கதான் சொன்னீக. சூடம் கொளுத்திட்டு நின்னு சொன்னீக. இந்தா, மொதப் பானத் தண்ணி நாளைக்கி வரும். ஊரு பாக்க ஒரு கை அள்ளி நீங்க மூஞ்சியக் கழுவுங்க. கழுவிட்டீகன்னா நான் வாயத் தொறக்கல."

"எனக்குச் சோலி கெடக்கு. போத்தா" என்று எழுந்து போனார்.

நான் போய் குழாயடியில் உட்கார்ந்துகொண்டேன். எவளையும் பானை வைக்க விடவில்லை. அந்த வாரம் யாரும் வைக்கவும் இல்லை. பயந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை. அன்றைக்கு அண்டாவைக் காலி செய்து மூடியைத் திறந்திருக்கிறார்கள். நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம். வெல்டிங் சத்தம் கேட்டது. தகர இடுக்கில் வெளிச்சம் வெட்டி வெட்டி வந்தது. திங்கட்கிழமை காலை, பாய்லர் ஏறியதும், முதலாளி எல்லோரையும் கொல்லைக்கு வரச் சொன்னார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். திருகைத் திறந்து, முதல் தண்ணீரை வாளியில் பிடித்து, கொஞ்சம் ஆறவிட்டு, அள்ளி அள்ளி முகத்தைக் கழுவினார். வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார். கண்ணை அகலமாகத் திறந்து எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்தீகளா? இதுல என்ன இருக்கு? ஒரு பொம்பள சொன்னான்னு கம்பெனி மேல பழி போடலாமா? நம்ம சோத்துல நாமளே மண்ணப் போடலாமா?"

கூட்டம் மூச்சு விட்டது. எனக்குக் கேட்டது அந்த மூச்சு. மதினி போய் வாளியில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"வழுக்கலயே, நல்லாத்தான இருக்கு" என்று என் பக்கம் திரும்பினாள். "அண்ணனுக்கு நேரஞ் சரியில்லத்தா. அதுக்கு என்ன செய்ய?"

"நேத்து ஒட்டுப் போட்டாக. இன்னைக்கி வழுக்கல. இல்லாத ஓட்டைய எதுக்குடி ஒட்டணும்?"

"நீ பெரிய வெல்டிங்குக்காரி, உள்ள போயிக் கண்ட."

சிரித்தார்கள். அவர்களுக்கு வெந்நீர் வேண்டும். கொள்ளி இல்லை, கரி இல்லை, காட்டுக்குள் போனால் பிடிக்கிறார்கள். இந்தத் தண்ணீரும் இல்லையென்றால் என்ன செய்வார்கள்? அதனால் நம்பினார்கள். அது எனக்கு இப்போது புரிகிறது. புரிந்தாலும் கோபம் போகவில்லை.

வெல்டிங் போட்ட தம்பி போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தான். மலை ஜீப்புகளுக்கு வேலை செய்கிறவன். அண்டா வந்தபோது உள்ளே குழாய்ச் சுருளை இணைத்ததும் அவன்தான். போனேன். என்னைக் கண்டதும் கண்ணாடியை இறக்கி முகத்தை மூடிக்கொண்டான்.

"அதக் கழத்து தம்பி. ஒங் கண்ணாவது நல்லா இருக்கான்னு பாக்கேன்."

கழற்றினான்.

"ஓட்டை இருந்துச்சா, இல்லயா?"

"அக்கா…"

"இருந்துச்சா, இல்லயா?"

"ரெண்டு எடத்துல இருந்துச்சுக்கா. கொழாயச் சேத்த எடத்துல கீறல் விட்ருந்துச்சு. ஆவி நின்னு கொழா ஆறுனா, காரத்த உள்ள இழுத்துக்கும். காலைல ஆவி விட்டா அதத் தள்ளிக்கிட்டு வெளிய வரும்." கழற்றிய கண்ணாடியைத் துடைத்தான். "மதுரக்காரரு புதுக் கொழா, கனமாப் போடச் சொன்னாரு. மொதலாளி மில்லுல கழிச்சுப் போட்ட பழைய கொழாயக் கொண்டாந்தாரு. தண்ணி வழுக்குனா கொழா போச்சுன்னு அர்த்தம், ஒடனே நிறுத்திருங்கன்னு மதுரக்காரரு அன்னைக்கே சொன்னாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, என் வீட்டுக்காரர் சொன்ன அன்றைக்கு முதலாளி ஏன் அப்படி நின்றார் என்று.

"வந்து சொல்லு. கொல்லைல வச்சு எல்லாரு முன்னாலயும் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல."

"நான் பட்டறை நடத்தணுமேக்கா. அவுக ஜீப்பு, அவுக மச்சினன் ஜீப்பு, எல்லாம் எங்கிட்டதான் வருது."

"எங்க வீட்டுக்காரரு கண்ணு?"

"ஒட்டு ரொம்ப நாளு தாங்காதுக்கா. ஆளுகள வெலகியே இருக்கச் சொல்லுங்க" என்றான். அவ்வளவுதான். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டான். பொறி பறந்தது. நான் நின்றேன், அவன் நிமிரவில்லை.

வரிசை வீட்டில் சொன்னேன். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். "நான் ஒண்ணும் பாக்கல" என்றானாம். என் பேச்சு போச்சு.

அதன்பிறகு முதலாளி ஆள் அனுப்பினார். பாய்லர் வேலை இனி முடியாது, கேட்டில் காவலுக்கு வரட்டும், வீடும் இருக்கட்டும், ஆனால் தண்ணீரைப் பற்றி எவரிடமும் பேசக் கூடாது. என் வீட்டுக்காரர் சரி என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுப் பானையைக் கீழே வைத்தேன், அது சாய்ந்தது.

"ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டுக் காவலாய்யா? வெக்கமா இல்ல?"

"திருடன் என்ன, ரெண்டு பக்கமுமா வருவான்?"

"சிரிக்காத. அவன் வாயக் கட்டத்தான் வேல குடுக்கான்."

"எனக்கு எப்பத்தா வாய் இருந்துச்சு?" என்று சிந்தின சோற்றை அள்ளிப் பானையில் போட்டார்.

காவலுக்குப் போன முதல் நாளே ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், குழாய் முனையிலிருந்த திருகைக் கழற்றினார். ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதைக் கொண்டுபோய் சாக்கடையில் விட்டார். பானையோடு வந்த பெண்கள் வாயில் வந்ததைச் சொன்னார்கள். மதினி, "ஒனக்கு ஆனது எங்களுக்கும் ஆகணும்னு பாக்கியாண்ணே?" என்றாள். அவர் பீடியைப் பற்றவைத்தார். மறுநாள் கம்பெனி ஆட்கள் புதுத் திருகு மாட்டினார்கள். அதையும் கழற்றினார். மறுபடி மாட்டினார்கள். மறுபடி கழற்றினார். முதலாளி வந்தார்.

"ஏப்பா, பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"பேசலயே மொதலாளி."

முதலாளி திரும்பிப் போனார். வேலையை விட்டு நிறுத்தினால் நான் ரோட்டில் நின்று பேசுவேன் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நாள் கழித்து மதுரையிலிருந்து ஒரு பம்பு வந்து இறங்கியது. கொல்லைக்கு வந்த குழாயை அறுத்து, வளைத்து, பாய்லருக்கே திருப்பிவிட்டார்கள். முதலிலேயே செய்ய வேண்டியது. இப்போது செய்ததும் அதுவும் அவருக்கு லாபமாகப் போனது. வெந்நீராகவே பாய்லருக்குள் போவதால் உமி இன்னும் குறைவாகப் பிடித்தது. "ஒரு சொட்டுச் சூடு வெளிய போகல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எங்களுக்குக் கொள்ளியும் இல்லை, வெந்நீரும் இல்லை. வரிசை வீட்டுப் பெண்கள் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். எங்களால்தான் போச்சாம்.

அண்டாவைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மதுரையிலிருந்து, விருதுநகர்ப் பக்கமிருந்து. ஒரு நாள் மத்தியானம் ஒரு கார் வந்தது. நான் என் வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அவர் எழுந்து கேட்டைத் திறந்தார். முதலாளி உள்ளேயிருந்து வந்து அவர்களை வரவேற்றார். வந்தவர்களில் ஒருவர், வயதானவர், என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நின்றார்.

"கண்ணுல என்னப்பா?"

என் வீட்டுக்காரர் முதலாளியைப் பார்த்தார். பேசக் கூடாது என்பது பேச்சு. அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

முதலாளி சொன்னார்: "அது பொறப்புலயேங்க. பாவம்னு வேலைக்கி வச்சிருக்கேன்."

நான் தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தேன்.

"பொறப்புல இல்லீங்க. கல்யாணத்தன்னைக்கி ரெண்டு கண்ணும் இருந்துச்சு, நான் பாத்தேன். இந்த அண்டாக்குள்ள பழைய கொழாயப் போட்டு, அது ஓட்டையாகி, காரம் வெந்நியோட வந்து, அந்தக் கண்ணத் தின்னுருச்சு. குளிங்கன்னு சொன்னது இவுக. வழுக்குனா நிறுத்தணும்னு இவுகளுக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரு போயிச் சொன்னாரு. சிரிச்சாக. ஞாயித்துக்கெழம ஓட்டைய அடச்சுட்டுத் திங்கக்கெழம மூஞ்சியக் கழுவிக் காட்டுனாக. நீங்க வெறகு மிச்சத்தப் பாக்க வந்திருக்கீக. பாருங்க. இதையும் பாருங்க."

நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அச்சு மேசையில் சத்தம் நின்றுவிட்டது. மதினி கதவுக்கு வெளியே வந்து நின்றாள். அந்தப் பெரியவர் மறுபடி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மா சொல்றது நெசமாப்பா?"

என் வீட்டுக்காரர் தலையில் கட்டியிருந்த காக்கித் துணியை அவிழ்த்து, மடித்து, காவல் ஸ்டூலின் மேல் வைத்தார். அதன்மேல் கேட்டுச் சாவியை வைத்தார். வெளியே வந்துவிட்டார்.

அந்தப் பெரியவர் அண்டாவைப் பார்க்காமலே காரில் ஏறியதாக மதினி பிற்பாடு சொன்னாள். நான் பார்க்கவில்லை. அதனால் முதலாளிக்கு ஒன்றும் குறைந்துவிடவும் இல்லை. கம்பெனி நடந்தது. ஜீப்பு மலை ஏறியது. சாயங்காலமே வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. சட்டி பானையைச் சாக்கில் கட்டினோம். மலைமேல் என் சொந்தக்காரர்கள் ஒரு ஏலத்தோட்டத்தில் இருந்தார்கள். காய் எடுக்க ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மதினி வந்து சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேருமாகக் கட்டினோம். முடிந்ததும், "நீ சொன்னது எனக்கு அன்னைக்கே தெரியும்த்தா" என்றாள்.

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவள் சாக்கை விட்டுவிட்டுப் போனாள். போகட்டும் என்று விட்டேன். தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தவளும் அவள்தான். ரெண்டும் இருக்கிறது.

ரோட்டில் நடந்தோம். சாக்கு அவர் தலையில். அவருக்கு இடதுபக்கம் தெரியாது, அதனால் நான் அந்தப் பக்கம் நடந்தேன். என்மேல் கோபமா என்று கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார். வேலையும் வீடும் என் வாயால் போனது. அதை எத்தனை முறை திருப்பிப் போட்டாலும் நான் அதேதான் பேசுவேன். பிறவிக் கண் என்று ஒருத்தன் சொல்ல, கட்டினவள் கேட்டுக்கொண்டு சோறு பரிமாற முடியாது.

முந்தலில் கடைசி ஜீப்பு நிறைந்திருந்தது. டிரைவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"எடம் இல்லையே ஆத்தா. எங்க போகணும்?"

என் வீட்டுக்காரர் சாக்கை ஜீப்பின் கூரையில் தூக்கி வைத்தார்.

"மேல" என்றார். "தொத்திக்கிட்டு வர்றோம்."